கணினிப் படிப்போடு மொழியியல் மைனர் எடுக்கலாமா என்று கேட்ட தம்பிக்கு

தாராளமாக எடுக்கலாம் தம்பி. மேஜர் என்கிற முதன்மைப் பாடத்தோடு சேர்த்து எடுக்கும் துணைப்பாடம்தானே மைனர். ஆனால் நாலைந்து மொழிகள் பேசக் கற்றுத்தருவார்கள் என்று நினைத்துப் போகாதீர்கள். மொழி எப்படி இயங்குகிறது என்பதுதான் பாடம்: ஒலியியல் (ஒலிகள் எப்படிப் பிறக்கின்றன), ஒலியனியல் (ஒரு மொழியில் ஒலிகள் எப்படி அமைகின்றன), உருபனியல் (சொல்லின் அமைப்பு), தொடரியல் (வாக்கிய அமைப்பு), பொருண்மையியல் (பொருள்).

தமிழ் பேசி வளர்ந்தவருக்கு இந்த வகுப்பில் நல்ல கைமுதல் உண்டு. ‘கல்’, ‘தங்கம்’, ‘அகம்’ மூன்றிலும் எழுதுவது ககரம்தான், ஒலிப்பது வேறு வேறு. சொல்லின் முதலில் ஒரு விதம், மெல்லினத்தை அடுத்து ஒரு விதம், இரண்டு உயிர்களுக்கு நடுவே இன்னொரு விதம். யாரும் சொல்லித்தராமலே நாம் பிசகாமல் இப்படிப் பேசுகிறோம். ஒரே ஒலி இடத்துக்கு ஏற்ப இப்படி வேறு வேறாக ஒலிப்பதைத்தான் ஒலியனியலில் மாற்றொலி என்று நடத்துவார்கள்.

ஒரே மொழி எழுத்துக்கு ஒரு விதமாகவும் அன்றாடப் பேச்சுக்கு வேறு விதமாகவும் இருப்பதை இரட்டை வழக்கு என்பார்கள். 1959-இல் மொழியியலாளர் சார்லஸ் ஃபெர்குசன் அதைப் பற்றி எழுதியபோது முதன்மையாக எடுத்தவை அரபு, கிரேக்கம், சுவிஸ் ஜெர்மன், ஹைட்டி கிரியோல். நம் எழுத்துத் தமிழுக்கும் பேச்சுத் தமிழுக்கும் அவர் சொன்னது நன்றாகவே பொருந்துகிறது. ஆகவே கட்டுரை எழுதச் சொன்னால் தமிழையே தரவாக எடுங்கள், அதுவும் நீங்கள் வீட்டில் பேசுகிற தமிழை. கொச்சை என்று அதை ஒதுக்க வேண்டாம். அதற்கும் முழுமையான இலக்கணம் இருக்கிறது. அதில் எழுதப்படாமல் கிடப்பது ஏராளம் என்பதுதான் என் ஆதங்கம்.

அறிமுகப் பாடத்தை முதலாண்டிலேயே முடித்துவிடுங்கள். மற்றப் பாடங்கள் பெரும்பாலும் அதை முன்தேவையாகக் கேட்கும். சில பாடங்கள் வருடத்துக்கு ஒருமுறைதான் நடக்கும், தவறவிட்டால் அடுத்த வருடம்தான். எந்தெந்தப் பாடம் மேஜர், மைனர் இரண்டுக்கும் கணக்கில் வரும் என்று ஆலோசகரிடம் மின்னஞ்சலில் கேட்டு, பதிலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். கணினியில் ஆட்டோமேட்டா (கணிப்பொறிகளின் கோட்பாட்டு மாதிரிகள்) வகுப்பில் நீங்கள் படிக்கப்போகும் சாம்ஸ்கி படிநிலையே, அதாவது இலக்கண விதிகளை வகைப்படுத்தும் முறையே, 1956-இல் மொழியியலாளர் நோம் சாம்ஸ்கியின் மொழி ஆய்விலிருந்து வந்ததுதான். அதனால் தொடரியல் உங்களுக்கு அந்நியமாகத் தோன்றாது.

நீங்கள் வெளிநாட்டில் விசாவில் படிப்பவர் என்பதால், மைனருக்காக ஒரு செமஸ்டர் கூடும் என்றால், பதிவு செய்வதற்கு முன்பே சர்வதேச மாணவர் அலுவலகத்தில் விசாரியுங்கள். விசா தானாக நீளும் என்று நம்பி இருந்துவிடாதீர்கள்.

வேலை கிடைக்குமா என்று வீட்டில் கேட்பார்கள். மைனரை மட்டும் காட்டிக் கிடைக்காது. கணினியோடு சேர்ந்தால் பேச்சறிதல், இயந்திர மொழிபெயர்ப்பு போன்ற வேலைகளில் பயன்படும். இதைப் படிக்கிற மற்றவர்களில், உளவியல் மாணவர்கள் பேச்சுச் சிகிச்சை மேற்படிப்புக்குப் போக நினைத்தால் ஒலியியலைக் கட்டாயம் எடுக்கட்டும்.

உங்கள் துறையின் பாடப்பட்டியலை இங்கே போடுங்கள், வரிசையைச் சேர்ந்தே பார்த்துவிடலாம்.