டப்ளின் மாற்றமும் கடும் நோயும்: அனுபவப்பட்டவர்கள் எழுதுங்கள்

வடலி எழுதியது:

சுவிஸில் தஞ்சக் கோரிக்கை வழக்குகளுக்கு மொழிபெயர்க்கிறேன். கைரேகை குரோஷியா மாதிரி வேறொரு நாட்டில் முதலில் பதிவாகியிருந்தால் இங்கே பெரும்பாலும் வழக்கையே எடுக்க மாட்டார்கள், அந்த நாடுதான் பொறுப்பு என்று அனுப்பிவிடுவார்கள். ஐரோப்பிய நாடுகளுக்கிடையிலான இந்த டப்ளின் விதி எல்லாருக்கும் தெரிந்ததுதான், அப்படி அனுப்புவதைத்தான் மாற்றம் என்கிறோம். ஆனால் கடும் நோயாளியையும் அனுப்பலாமா என்று கேட்டால் எங்கள் ஆட்களிடம் இரண்டு கதை ஓடுகிறது. டொக்டர் கடிதம் இருந்தால் கிட்டவும் வரமாட்டார்கள் என்பது ஒன்று. எதைக் காட்டினாலும் ஏற்றித்தான் விடுவார்கள் என்பது மற்றது. இரண்டையும் நம்பிக் கெட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

நான் கூட இருந்த ஒரு வழக்கைச் சொல்கிறேன், ஆள் தெரியாதபடி சிலதை மாற்றியிருக்கிறேன். கடும் மனச்சோர்வில் மருத்துவமனையில் இருந்த ஓர் இளம் பெண். டொக்டரின் முதல் கடிதம் நாலு வரி: இன்ன நோய், இன்ன மருந்து, சிகிச்சை தொடர வேண்டும். அதற்கு வந்த பதில், மனநல மருத்துவர்கள் அங்கேயும் இருக்கிறார்கள் என்பது. சட்டப்படி அதில் பிழை சொல்லவும் முடியாது. பிறகு சட்டத்தரணி டொக்டரிடம் வேறு கேள்வி கேட்டார்: இவரைத் தூக்கிக்கொண்டுபோய் விமானத்தில் ஏற்றினால், அந்தச் செயலே இவரை என்ன செய்யும்? மருந்து கொடுத்து, கூடவே ஒரு தாதியை அனுப்பினால் அந்த ஆபத்து நீங்குமா?

இரண்டாவது அறிக்கை பல பக்கம். எப்போதிலிருந்து பார்க்கிறார், எதை வைத்து நோயைத் தீர்மானித்தார், முன்பு பொலீஸ் அறைக்கு வந்த இரவுக்குப் பிறகு என்ன நடந்தது, தாதி கூடப் போனாலும் ஏன் போதாது என்று எல்லாம் இருந்தது. அதைத் தமிழில் வாசித்துக் காட்டும்போது அந்தப் பெண் இடையில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "அண்ணா, இதில என்னைப் பைத்தியம் எண்டு எழுதியிருக்கினமோ?" இல்லை என்று சொல்லி, அந்தப் பந்தியை இன்னொரு தரம் மெதுவாக வாசித்தேன். மாற்றம் நிறுத்தப்பட்டது. உங்களுக்கு என்ன நடந்தது, எழுதுங்கள்.

சங்குப்பூ எழுதியது:

எங்கள் அண்ணாவை நிறுத்தவில்லை. சிறுநீரகம் இரண்டும் போய், வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். போகும் நாட்டிலும் டயாலிசிஸ் உண்டு, பயணத்தை இரண்டு அமர்வுக்கு நடுவில் வைக்கலாம் என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. காகிதத்தில் பார்த்தால் நியாயம் மாதிரித்தான் இருக்கும்.

கோபம் எனக்கு அதிலில்லை. அனுப்புமுன் மருத்துவ விவரத்தை அந்த நாட்டுக்குக் கொடுக்க ஒரு படிவம் இருக்கிறது, அதற்கு நோயாளி சம்மதக் கையெழுத்து வைக்க வேண்டும். அண்ணா அதை நாட்டைவிட்டுப் போகச் சம்மதிக்கும் கையெழுத்து என்று நினைத்து மறுத்துவிட்டார். விளக்கிச் சொல்ல ஒருத்தரும் இருக்கவில்லை. மறுத்தாலும் அனுப்பலாம் என்பதுதான் விதி, அனுப்பினார்கள். அங்கே விமான நிலையத்தில் நின்றவர்களுக்கு இவர் நோயாளி என்றே தெரியாது. கால் வீங்கி, மூச்சு வாங்கிய பிறகுதான் அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோனார்கள். இப்போது பரவாயில்லை, அங்கேயே ஒழுங்காகச் சிகிச்சை நடக்கிறது.

நெடுந்தூரம் எழுதியது:

ஆறு மாதம் எங்கேயாவது ஒதுங்கி இருந்தால் கேஸ் தானாக இந்த நாட்டுக்கு வந்துவிடும் என்கிறார்களே? என் சிநேகிதனுக்கு இதயத்தில் பிரச்சினை, மருத்துவமனைக்குப் போனால் பிடித்துவிடுவார்கள் என்று போகாமலே இருக்கிறான்.

கறுப்புக்கோட்டு எழுதியது:

தம்பி, முதலில் அவரை மருத்துவமனைக்குப் போகச் சொல்லுங்கள். ஆளை அனுப்பி முடிக்க இருக்கும் கெடுதான் அந்த ஆறு மாதம், ஒளிந்தால் டப்ளின் மூன்று என்ற ஒழுங்குவிதியின்படி அது பதினெட்டு மாதமாக நீளும். 2024இல் நிறைவேறி 2026 நடுப்பகுதியிலிருந்து அதன் இடத்துக்கு வரும் புதிய ஒழுங்குவிதியில் அது மூன்று வருடம். வேண்டுமென்றே தன்னைப் பயணத்துக்குத் தகுதியற்றவராக ஆக்கிக்கொள்பவருக்கும் அதே மூன்று வருடம்தான், எனவே "ஒருநாள் மருந்தை விடு" என்று யோசனை சொல்கிறவர்களிடம் காது கொடுக்காதீர்கள். விலாசத்தில் இருந்துகொண்டே, உண்மையான நோயால் பயணம் முடியாமல் ஆறு மாதம் கடந்தால் பொறுப்பு அவர் இப்போது இருக்கும் நாட்டுக்கே வரும். ஆனால் மேன்முறையீட்டில் நீதிமன்றம் இடைநிறுத்தம் கொடுத்திருந்தால், கடைசித் தீர்ப்பிலிருந்துதான் அந்த ஆறு மாதத்தை எண்ணுவார்கள். பலர் இதில்தான் கணக்குப் பிழைக்கிறார்கள்.

சட்டத்தரணி டொக்டரிடம் கேட்டதாக வடலி அண்ணா சொன்ன கேள்வி வானத்திலிருந்து விழவில்லை. 2017 பெப்ரவரி 16இல் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் ஸ்லோவேனியா வழக்கில் கொடுத்த தீர்ப்பிலிருந்து வந்தது அது. சிரியப் பெண், எகிப்தியக் கணவர், குரோஷிய விசாவில் வந்தவர்கள். சிக்கலான கர்ப்பம், பிரசவத்துக்குப் பிறகு கடும் மனச்சோர்வு. குரோஷியாவின் தஞ்ச முறையில் பெரிய ஓட்டை இல்லை என்றே வைத்துக்கொண்டாலும், நோய் குறிப்பாகக் கடுமையாக இருந்து, மாற்றமே உடல்நிலையைப் பெரிதாக, மீளமுடியாதபடி கெடுக்கும் உண்மையான ஆபத்து நிரூபிக்கப்பட்டால், அது மனிதாபிமானமற்ற நடத்தை என்று நீதிமன்றம் சொன்னது. அப்படிச் சான்று வைத்தால் அதிகாரிகள் அதைத் தள்ளிவைக்க முடியாது, சந்தேகத்தைத் தீர்க்க வேண்டும். துணைக்கு மருத்துவர், கையில் மருந்து, அங்கே இறங்கியதும் கவனிப்பு என்று ஏற்பாடு செய்தால் போதுமா என்றும் பார்க்க வேண்டும். போதாவிட்டால் ஆள் தேறும்வரை நிறுத்த வேண்டும். வழக்கை ஆள் இருக்கும் நாடே விரும்பினால் எடுத்துக்கொள்ளலாம், ஆனால் அதற்கு இடம் தரும் விருப்புரிமைப் பிரிவு யாரையும் கட்டாயப்படுத்தாது. சுவிஸ் ஒன்றியத்தில் இல்லை என்றாலும் ஸ்ட்ராஸ்பூர்க் மனித உரிமை நீதிமன்றம் அதற்கும் பொருந்தும்.

சங்குப்பூ தங்கச்சி, உங்கள் அண்ணா தோற்றது இந்த இடத்தில்தான் என்று நினைக்கிறேன். நோய் எவ்வளவு பெரியது என்பது மட்டும் கணக்கில்லை, மாற்றமே அதைக் கெடுக்குமா என்பதும்தான். என் பார்வையில் இந்த அளவுகோல் டயாலிசிஸ்காரருக்கு மிகக் கடுமையானது.

நாள் விஷயத்தில் கவனம். டப்ளின் முடிவுக்கு எதிராக மேன்முறையிட ஜேர்மனியில் ஒரு வாரம், சுவிஸில் ஐந்து வேலை நாள். நல்ல அறிக்கை எழுத டொக்டருக்கு அதற்குள் நேரம் கிடைக்காது. அதனால் முடிவுக் கடிதம் வருவதற்கு முன்பே, கைரேகை வேறு நாட்டில் இருப்பது தெரிந்த அன்றே கேட்டு வையுங்கள்.

வடலி எழுதியது:

சங்குப்பூ சொன்ன படிவத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அது மருத்துவ விவரம் கொடுக்கும் சம்மதம் மட்டும்தான், அதில் கையெழுத்து வைத்தால் மேன்முறையீட்டு உரிமை போகாது. யாராவது நீட்டினால் உடனே வைக்கவும் வேண்டாம், மறுக்கவும் வேண்டாம். சட்டத்தரணிக்குப் படம் எடுத்து அனுப்புங்கள். சுவிஸ் கூட்டாட்சி முகாம்களில் 2019 மார்ச்சிலிருந்து சட்டத்தரணி இலவசம்.

நெடுந்தூரம் எழுதியது:

சரி அண்ணா, நாளைக்குக் காலையில் அவனைக் கூட்டிக்கொண்டு போகிறேன். பழைய ஈசிஜி எல்லாம் ஒரு பையில் இருக்கிறது, அதையும் எடுத்துப் போகவா?

கறுப்புக்கோட்டு எழுதியது:

எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். பிரதி எடுத்து அவரிடமும் ஒரு கட்டு இருக்கட்டும்.