பட்டி பூசிய இடம் மட்டும் ஏன் கொப்பளிக்கிறது?

ஆல்டோக்காரன்:
காரின் பின்கதவில் உள்ளங்கை அளவு நெளிசல். நானே பட்டி (பள்ளத்தை நிரப்பும் பசை) பூசி, வாட்டர் பேப்பரை (நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள்) நனைத்து நனைத்துத் தேய்த்து, அன்று மாலையே பிரைமரும் பெயின்ட்டும் அடித்துவிட்டேன். மூன்று வாரத்தில் அந்த இடம் மட்டும் அம்மை போட்ட மாதிரி ஆகிவிட்டது. எங்கே தப்பு?

பட்டறைவாசி:
தண்ணீர்தான் அண்ணே. பட்டி ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். அதை உலர்வாகவே தேய்க்க வேண்டும், முதலில் 80 நம்பர் உப்புத்தாள், அப்புறம் 180, 320. பிரைமர் அடித்து நன்றாகக் காய்ந்த பிறகுதான் தண்ணீர் போட்டு 600. இப்போது தகரம் தெரியும்வரை சுரண்டுங்கள், வேறு வழியில்லை.

வெள்ளை வண்டி:
பட்டியை இறுக வைக்கக் கலக்கும் ஹார்டனரையும் பாருங்கள், 100 கிராம் பட்டிக்குச் சுமார் 2 கிராம். சீக்கிரம் இறுகட்டும் என்று நான் அள்ளிப் போட்டு, வெள்ளை பெயின்ட்டில் மஞ்சள் கறை கிளம்பியதுதான் மிச்சம். நெளிசலை உள்ளேயிருந்து தட்டி எடுத்தீர்களா?

ஆல்டோக்காரன்:
இல்லை, கதவின் உள்பக்க அட்டையைக் கழற்றப் பயம். முழுப் பள்ளமும் பட்டிதான்! சமமாகிவிட்டதா என்று எப்படிப் பார்ப்பது?

பட்டறைவாசி:
அட, முதலில் தட்டுங்கள், பட்டி இரண்டு மூன்று மில்லிமீட்டர் தாண்டக் கூடாது. பிரைமர் மேல் கருப்பு ஸ்பிரேயைத் தூரத்திலிருந்து தூசிபோல் தூவி, கட்டையில் சுற்றிய பேப்பரால் தேயுங்கள். கருப்பு எங்கே அழியாமல் நிற்கிறதோ அங்கே பள்ளம்.