சுவிஸ் துப்பாக்கி மருந்து போட்டால் குழலைத் துடைக்க வேண்டாமாம்!

ஆரணிக்காரன்: "சுவிஸ் பிராண்டு கருமருந்து போட்டால் இருபது குண்டு சுட்டாலும் குழலைத் துடைக்கவே வேண்டாம்" என்று நேற்று காட்பாடி அண்ணன் எழுதியதைப் படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. பழைய காலத்துத் துப்பாக்கிப் பொடியான கருமருந்து எரிந்தால் பாதிக்கு மேல் கசடாகத்தான் மிஞ்சும். அதெல்லாம் எங்கே போகும், உங்கள் சட்டைப் பைக்கா?

காட்பாடிக் கரும்புகை: தம்பி, நான் பென்சில்வேனியாவில் ஒன்பது வருடமாக ஃபிளின்ட்லாக், அதாவது சிக்கிமுக்கிக் கல் பொறியில் வெடிக்கும் துப்பாக்கி, பிடிக்கிறேன். அரை அங்குலத் துளைக் குழல், ரெண்டு எஃப் (நடுத்தரப் பொடி) மருந்து. அமெரிக்கக் கோஎக்ஸ் மருந்து போட்டால் நாலாவது குண்டுக்கே அதை உள்ளே தள்ளும் கோல் வளையும். சுவிஸ் போட்டால் வழுக்கிக்கொண்டு இறங்கும். துடைக்க வேண்டாம்.

குடியாத்தம் தீப்பெட்டி: மூணு எஃப் போட்டுப் பாருங்கள், சன்னப் பொடி, கசடும் குறைவு. இல்லை, பேசாமல் கருமருந்துக்கு மாற்றாக வரும் பைரோடெக்ஸுக்கு மாறுங்கள்.

காட்பாடிக் கரும்புகை: ஃபிளின்ட்லாக்கில் பைரோடெக்ஸா! அது பற்றிக்கொள்ளக் கருமருந்தைவிட அதிகச் சூடு வேண்டும், சிக்கிமுக்கிப் பொறிக்கெல்லாம் மசியாது. தீப்பெட்டி ஊர்க்காரரே இப்படிச் சொன்னால் எப்படி?

குடியாத்தம் தீப்பெட்டி: நான் கேப் (சுத்தி தட்டினால் பற்றும் சிறு மூடி) வைத்துச் சுடும் துப்பாக்கிக்குச் சொன்னேன். 1806 வேலூர்க் கோட்டைக் கலகத்தை அடக்க ஆங்கிலேயத் தளபதி கில்லெஸ்பி சித்தூரிலிருந்து வந்தான் என்று நீங்கள் எழுத, நான் ஆற்காடு என்று திருத்தினேனே, அந்தக் கடுப்பு இன்னும் போகவில்லை போல.

காட்பாடிக் கரும்புகை: அது எழுத்துப் பிழை.

ஆரணிக்காரன்: சித்தூரும் ஆற்காடும் எழுத்துப் பிழையா? சரி, விடுங்கள். என் தாத்தா கடலைக் கொல்லையில் பன்றி விரட்ட லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருந்தார். ரெண்டு வெடிக்கு ஒரு தரம் ஈரத்துணியைக் கோலில் சுற்றி இழுப்பார், துணி மை மாதிரி கறுத்து, அழுகின முட்டை நாற்றத்தோடு வெளியே வரும். மழை நாளில் கசடு குழைவாக இருக்கும், சித்திரை வெயிலில் ஓடு மாதிரி இறுகிவிடும். உங்கள் பனியில் சுட்டுவிட்டு எங்கள் வெயிலுக்குச் சட்டம் போடாதீர்கள்.

சத்துவாச்சாரி சார்: வேட்டைக்கே 1972 வனவிலங்குச் சட்டத்தில் தடை இருக்கு. இங்கே யாருக்கு இந்தப் பேச்சு?

காட்பாடிக் கரும்புகை: அந்தச் சட்டம் பென்சில்வேனியாவில் இல்லை சார். நாட்டு மருந்தையும் சுவிஸையும் ஒரே தட்டில் வைக்கிறவரோடு நான் என்ன பேச? திரும்பச் சொல்கிறேன், துடைக்க வேண்டாம். வீட்டுக்கு வந்து வெந்நீரும் சோப்பும் போட்டுக் கழுவினால் போதும்.

ஆரணிக்காரன்: அப்போ கழுவ மட்டும் கசடு எங்கிருந்து வந்தது?

காட்பாடிக் கரும்புகை: தம்பி, கழுவுவது வேறு, துடைப்பது வேறு.

ஆரணிக்காரன்: அந்த இருபதாவது குண்டு இறங்குவதை வீடியோ எடுத்துப் போடுங்கள், பார்க்கலாம்.

காட்பாடிக் கரும்புகை: கிறிஸ்துமஸ் முடிந்து ஃபிளின்ட்லாக் வேட்டை சீசன் திறக்கட்டும், போடுகிறேன்.

குடியாத்தம் தீப்பெட்டி: போன கிறிஸ்துமஸுக்கும் இதையேதான் சொன்னீர்கள்.