ரோமனெஸ்க் தேவாலயங்களின் பருத்த சுவரும் சிறிய சாளரமும்: தேவையா, அறியாமையா?

வடசாளரம் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம்.

கி.பி. 1000 முதல் 1200 வரையிலான காலத்தில் மேற்கு ஐரோப்பாவில் கட்டப்பட்ட ரோமனெஸ்க் தேவாலயங்களைப் பற்றி அண்மைக் காலமாகப் படித்து வருகிறேன். அறிமுகக் கட்டுரைகள் பெரும்பாலும் ஒரே பாதையில் செல்கின்றன. அரைவட்ட வளைவு, பருத்த சுவர், சிறிய சாளரம், இருண்ட உட்புறம் என்று தொடங்கி, பிறகு கோதிக் பாணி வந்தது, கூர்வளைவு வந்தது, சுவர் மெலிந்தது, ஒளி உள்ளே பாய்ந்தது என்று முடித்துவிடுகின்றன. படித்து முடிக்கும்போது, ரோமனெஸ்க் கொத்தர்கள் கோதிக்கை எட்டத் தெரியாமல் தடுமாறியவர்கள் என்ற எண்ணமே மனத்தில் தங்குகிறது. ஆனால் ஜெர்மனியின் ஸ்பையர் பேராலயத்தின் நடுக்கூடத்தையோ (வாயிலிலிருந்து பலிபீடத்தை நோக்கி நீளும் நடுப்பகுதி), பிரான்சின் தூர்நூ மடத்து ஆலயத்தையோ படத்தில் பார்க்கும் எவருக்கும் அது தடுமாறியவர்களின் வேலையாகத் தோன்றாது.

என் ஐயம் இதுதான். மரக்கூரை இலேசானது, அதைத் தாங்க மெல்லிய சுவரே போதும், மேல்சுவரில் வேண்டிய அளவு சாளரமும் வைக்கலாம். பல நூற்றாண்டுகளாக அப்படித்தான் கட்டியும் வந்தார்கள். அப்படியிருக்க, பதினோராம் நூற்றாண்டில் இவ்வளவு செலவையும் இடரையும் ஏற்றுக் கல்லால் கூரை வளைக்கத் தொடங்கியது ஏன்? பருத்த சுவர் அந்தக் கல்கூரையின் தேவையால் வந்ததா, அறியாமையால் வந்ததா? தெரிந்தவர்கள் சற்று விரிவாகவே எழுத வேண்டுகிறேன்.

கல்வரிசை எழுதியது:

வணக்கம். கூரையிலிருந்து தொடங்கினால்தான் சுவர் விளங்கும் என்பதால் நீங்கள் கேட்ட வரிசையிலேயே விடை சொல்கிறேன்.

மரக்கூரையின் பெரும் பகை தீ. இடியும் மின்னலும், பலிபீடத்து மெழுகுத்திரிகளும், போர்க்காலத்துக் கொள்ளையும் தேவாலயங்களை மீண்டும் மீண்டும் எரித்தன. பிரான்சின் பர்கண்டிப் பகுதியில் வெஸலே மகதலேனா ஆலயத்தில் 1120-இல் மூண்ட தீயில் திருப்பயணிகள் பலர் மாண்டனர். அதன்பின் எழுந்த நடுக்கூடம் கல்வளைவால் மூடப்பட்டது. இங்கே ஒரு நுட்பத்தைப் பலர் கவனிப்பதில்லை. கல்வளைவு வந்ததால் மரக்கூரை போய்விடவில்லை. மழைநீரை வடிக்க வளைவுக்கு மேலே மரச்சட்டக் கூரை முன்போலவே இருந்தது. அது தீப்பற்றினால் எரியும் உத்திரங்கள் கீழே நிற்பவர்கள்மேல் விழாமல் இடையில் தாங்கி நிற்பதே கல்வளைவின் வேலை. தீயை மட்டும் காரணமாகச் சொன்னால் அது பாதி விடையே ஆகும். இரவும் பகலும் குறித்த வேளைகளில் கூடிச் சங்கீதங்களைப் பாடுவதே துறவியரின் முதன்மைப் பணியாக இருந்தது. கல்வளைவின் கீழ் அந்தக் குரல் நீண்டு ஒலித்தது. மேலும், இறைவனின் இல்லம் அடியிலிருந்து முடிவரை ஒரே பொருளால், அழியாத பொருளால் ஆகியிருக்க வேண்டும் என்ற விருப்பமும் அந்தக் கட்டடங்களில் தெளிவாகவே தெரிகிறது.

இனி விலையைப் பார்ப்போம். எல்லாவற்றிலும் எளிய கல்கூரை, அரைவட்ட வளைவொன்றை நீளவாக்கில் இழுத்தது போன்ற பீப்பாய் வளைவு. பிரெனே மலையில் 1009-இல் அர்ச்சிக்கப்பட்ட (வழிபாட்டுக்குப் புனிதமாக்கப்பட்ட) கனிகூ புனித மார்த்தீன் மடத்திலும், ஸ்பெயினின் கத்தலோனியாவில் 1040-இல் அர்ச்சிக்கப்பட்ட கார்தோனா புனித வின்சென்ட் ஆலயத்திலும் இதைக் காணலாம். இந்த வளைவின் எடை கீழ்நோக்கி மட்டும் இறங்குவதில்லை. இரு பக்கச் சுவர்களையும் வெளிநோக்கித் தள்ளுகிறது. அந்தத் தள்ளுவிசை ஓரிடத்தில் குவியாமல் சுவரின் நீளம் முழுவதும் பரவியிருப்பதால், சுவரை எந்த இடத்தில் துளைத்தாலும் தாங்கும் கல்லையே எடுப்பதாகிவிடும். சுவர் பருத்ததும் சாளரம் சிறுத்ததும் இதனால்தான். அந்தச் சுவரும் முழுக்கச் செதுக்கிய கல்லன்று. பெரும்பாலும் உள்ளும் புறமும் இரண்டு முகப்புகளைக் கல்வரிசையாக எழுப்பி, இடைவெளியில் உடைகல்லையும் சுண்ணாம்புச் சாந்தையும் கொட்டி நிரப்பினார்கள். சுண்ணாம்பு இறுக நெடுநாள் ஆகும். அதுவரை பக்கத் தள்ளலைத் தாங்கக் கனம் ஒன்றே துணை.

அறியாமைக்கு எதிரான சான்று, இந்த ஒரே சிக்கலுக்கு ஊருக்கு ஊர் கண்ட வெவ்வேறு தீர்வுகளில் இருக்கிறது. தூலூஸ் புனித செர்னின் ஆலயத்தில் பக்கக்கூடங்களின்மேல் ஒரு மாடத்தை எழுப்பி, அந்த மாடத்தைக் கால்வட்ட வளைவால் மூடி, அதைக்கொண்டே நடுக்கூடத்து வளைவை இரு பக்கமும் முட்டுக்கொடுத்திருக்கிறார்கள். அதற்கு ஈடாக நடுக்கூடத்துக்கு நேரடிச் சாளரம் இல்லை, ஒளி பக்கக்கூடங்களையும் மாடங்களையும் கடந்தே வருகிறது. ஸ்பையரில் வேறு வழி. பேரரசர் இரண்டாம் கொன்ராட் ஏறத்தாழ 1030-இல் தொடங்கிய, 1061-இல் அர்ச்சிக்கப்பட்ட ஆலயத்தின் நடுக்கூடம் மரத்தால் தட்டையாக மூடப்பட்டிருந்தது. நான்காம் ஹென்றி 1080-களில் அதைப் புதுப்பித்தபோது, ஒன்றுவிட்டு ஒரு தூணுக்குக் கூடுதல் அரைத்தூண்களைச் சேர்த்து வலுவேற்றி, இரண்டு பீப்பாய் வளைவுகள் குறுக்கே வெட்டிக்கொள்ளும் சதுர வளைவுகளை ஏறத்தாழ 33 மீட்டர் உயரத்தில் எழுப்பினார்கள். அத்தகைய வளைவு தன் எடையை நான்கு மூலைகளில் இறக்குகிறது. மூலைகளுக்கு இடையிலுள்ள சுவர் விடுபடுவதால் மேலே சாளரம் வைக்க முடிகிறது.

நீங்கள் குறிப்பிட்ட தூர்நூ எனக்கு மிகவும் உவப்பானது. அங்கே நடுக்கூடத்தின் மேல் பீப்பாய் வளைவு நீளவாக்கில் ஓடவில்லை. தூணுக்குத் தூண் குறுக்கு வளைவு ஒன்றை அமைத்து, அந்தக் குறுக்கு வளைவுகளின்மேல் சிறுசிறு பீப்பாய் வளைவுகளைக் கூடத்துக்குக் குறுக்காக, ஒன்றன்பின் ஒன்றாக வரிசைப்படுத்தியிருக்கிறார்கள். ஒவ்வொரு வளைவும் அடுத்த வளைவைத் தள்ள, அந்த வளைவு திருப்பித் தள்ள, விசைகள் தமக்குள்ளேயே சமனாகின்றன. பக்கச் சுவரின்மேல் விழும் சுமை மிகக் குறைவு. எனவே ஒவ்வொரு வளைவின் இரு முனைகளிலும் சாளரம் திறந்திருக்கிறது, கூடம் வெளிச்சமாக இருக்கிறது. விசையின் போக்கை அறியாதவர்களுக்கு இப்படி ஒன்று தோன்றியிருக்கவே முடியாது.

மடத்துவாசல் எழுதியது:

மேலுள்ள விளக்கத்தோடு ஒன்றைச் சேர்க்கிறேன். இவ்வளவு பெரிய கட்டடங்களுக்கான பணமும் தேவையும் எங்கிருந்து வந்தன என்பதையும் பார்க்க வேண்டும். ஹங்கேரியைச் சேர்ந்த மஜார்களின் படையெடுப்பு 955-இல் லெக்ஃபெல்ட் போரோடு ஓய்ந்தது, வைக்கிங் சூறையாடல்களும் தணிந்தன, விளைநிலம் பெருகியது, மடங்கள் நிலவுடைமையாலும் நன்கொடையாலும் செழித்தன. 910-இல் பர்கண்டியில் நிறுவப்பட்ட குளூனி மடத்தின் கீழ் நூற்றுக்கணக்கான மடங்கள் ஒரே ஒழுங்கில் இணைந்தன.

தேவையும் மாறியது. துறவியருள் குருப்பட்டம் பெற்றவர்கள் பெருகியதால், ஒவ்வொருவரும் திருப்பலி நிறைவேற்றத் தனித்தனிப் பலிபீடங்கள் வேண்டியிருந்தன. புனிதர்களின் எலும்பு முதலிய திருப்பண்டங்களைத் தரிசிக்கத் திருப்பயணிகள் திரண்டு வந்தார்கள். அவர்கள் துறவியரின் வழிபாட்டைக் குலைக்காமல் பக்கக்கூடம் வழியாக நுழைந்து, பலிபீடத்தின் பின்புறமாகச் சுற்றி, மறுபக்கம் வெளியேறுவதற்குச் சுற்றுப்பாதை ஒன்றும், அதிலிருந்து கதிர்களாகப் பிரியும் சிற்றாலயங்களும் அமைந்தன. தூலூஸ், கோங்க், 1075 அளவில் தொடங்கப்பட்ட சந்தியாகோ தெ கொம்போஸ்தெலா ஆகியவற்றின் தரைப்படங்களை அருகருகே வைத்துப் பாருங்கள். மக்கள் நடந்த வழியே கட்டடமாகியிருப்பது தெரியும்.

விலாவளைவு எழுதியது:

கல்வரிசை அவர்கள் சொன்ன பொறியியல் சரியானதே. ஆனால் கேள்வி கேட்ட நண்பர் குறிப்பிட்ட அந்த அறிமுகக் கட்டுரைகளின் அடிப்படையையே நாம் மறுக்க வேண்டும் என்று கருதுகிறேன். கூர்வளைவு வந்ததும் ரோமனெஸ்க் முடிந்தது என்பது கட்டடங்களோடு பொருந்தாத கூற்று.

குளூனியின் மூன்றாம் ஆலயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மடாதிபதி ஹியூ 1088-இல் அதைத் தொடங்கினார். 1095-இல் திருத்தந்தை இரண்டாம் உர்பன் அதன் பெரும் பலிபீடத்தை அர்ச்சித்தார். முன்மண்டபத்தையும் சேர்த்து ஏறத்தாழ 187 மீட்டர் நீளம்; உரோமையில் இன்றைய புனித பேதுரு பேராலயம் எழும்வரை கிறிஸ்தவ உலகில் அதைவிடப் பெரிய ஆலயம் இல்லை. ரோமனெஸ்க்கின் உச்சம் என்று எல்லாரும் ஒப்புக்கொள்ளும் அந்த ஆலயத்தின் நடுக்கூட வளைவுகள் கூர்வளைவுகள். கூர்வளைவு அரைவட்டத்தைவிடக் குறைவாகவே பக்கவாட்டில் தள்ளும் என்பதால்தான், ஏறத்தாழ 30 மீட்டர் உயரத்தில் பீப்பாய் வளைவை ஏற்றி அதன்கீழ் சாளர வரிசையையும் வைக்கத் துணிந்தார்கள். 1125-இல் வளைவின் ஒரு பகுதி சரிந்தது. சீர்செய்து 1130-இல் அர்ச்சித்தார்கள். அத்தனை பெரிய ஆலயம் பிரெஞ்சுப் புரட்சிக்குப் பிறகு கல்லுக்காக உடைக்கப்பட்டு, இன்று தெற்குக் குறுக்குக்கூடத்தின் ஒரு பகுதியும் அதன் எண்கோணக் கோபுரமுமே பெருமளவில் எஞ்சி நிற்பதை எண்ணும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது.

அடுத்தது இங்கிலாந்தின் டர்ஹம் பேராலயம். 1093-இல் தொடங்கி, 1133-க்குள் நடுக்கூடத்தின் வளைவையும் முடித்துவிட்டார்கள். தூண்களைப் பார்த்தால் அசல் ரோமனெஸ்க்: சுற்றளவும் உயரமும் ஏறக்குறைய சமமாக, தலா 6.6 மீட்டர் அளவில், மேனியெங்கும் கோணல்மாணல் கோடுகளும் சாய்சதுரங்களும் ஆழமாக வெட்டப்பட்டவை. கண்ணை மேலே உயர்த்தினால் மூலைக்கு மூலை ஓடும் விலாவளைவுகள், அதாவது கூரையின் அடியில் விலா எலும்புபோல் துருத்தி நிற்கும் கல்வளைவுகள். அவற்றில் ஒரு கணக்கு இருக்கிறது. செவ்வகப் பரப்பை வளைவால் மூடும்போது மூலைவிட்டம் பக்கத்தைவிட நீளமானது. எல்லாவற்றையும் அரைவட்டமாகவே அமைத்தால் மூலைவிட்ட வளைவு மற்றவற்றைவிட உயரப் போய், கூரை நடுவில் உப்பிவிடும். டர்ஹம் கொத்தர்கள் மூலைவிட்டத்தை அரைவட்டமாக விட்டுவிட்டு, குறுக்கு வளைவைக் கூர்வளைவாக்கி அந்த உயரத்துக்கு ஏற்றினார்கள். கூரையின் முகடு சமமாக ஓடியது. பக்கக்கூடக் கூரைக்குள், வெளியிலிருந்து எவர் கண்ணிலும் படாமல், நடுக்கூடச் சுவர்மீது சாயும் கால்வட்ட வளைவுகளும் உள்ளன. பிற்காலத்தில் கோதிக் ஆலயங்களின் வெளிப்புறத்தில் சுவரைத் தாங்கிப் பறக்கும் உதைவளைவுகளின் வடிவம் இங்கே இருட்டில் ஒளிந்திருக்கிறது.

ஆக, மடாதிபதி சூஜே 1140-க்கும் 1144-க்கும் இடையில் பாரிசுக்கு அருகே புனித தெனி ஆலயத்தின் கிழக்குப் பகுதியைக் கட்டியபோது, கூர்வளைவும் விலாவளைவும் பழகிய கருவிகளாகவே கைக்கு வந்தன. புதியது அவர் கேட்ட ஒளி. சுவரைச் சுமையாகக் கருதி நீக்கும் எண்ணம் அங்கே பிறந்தது. டர்ஹம் கட்டியவர்களுக்குச் சுவர் செதுக்கி மகிழ வேண்டிய உடல். இரண்டையும் ஒரே ஏணியின் கீழ்ப்படி, மேல்படி என்று பார்ப்பதை நான் ஏற்கமாட்டேன்.

வடசாளரம் எழுதியது:

அனைவருக்கும் மிக்க நன்றி. டர்ஹமின் மூலைவிட்டக் கணக்கு இப்போதுதான் எனக்குத் தெளிவாக விளங்குகிறது. ஒன்றுமட்டும் எஞ்சியிருக்கிறது. வெற்றுக் கல்லும் இருளும் சேர்ந்த கடுமையே இந்த ஆலயங்களின் ஆன்மிக இயல்பு என்று பலர் எழுதுகிறார்கள். அது கட்டியவர்களின் நோக்கம்தானா?

சுதைவண்ணம் எழுதியது:

பெரும்பாலான ஆலயங்களில் அது அவர்கள் நோக்கமன்று. இன்று நாம் காணும் வெற்றுக்கல், பல இடங்களில் பிற்காலத்தவர் பூச்சைச் சுரண்டியதன் விளைவு. ரோமனெஸ்க் ஆலயத்தின் உட்சுவர் பொதுவாகச் சுண்ணாம்பு பூசி வண்ணம் தீட்டப்பட்டது. சிற்பங்களும் வண்ணம் பெற்றிருந்தன. அகன்ற சுவரைக் குறையாகப் பார்ப்பவர்கள், அது ஓவியனுக்குக் கிடைத்த பரப்பு என்பதை மறந்துவிடுகிறார்கள்.

பிரான்சில் கார்தாம்ப் ஆற்றங்கரையிலுள்ள புனித சவேன் மடத்து ஆலயத்தில் இதை நேராகவே காணலாம். அங்கே நடுக்கூடத்துப் பீப்பாய் வளைவின் பெரும்பகுதியில் குறுக்கு வளைவுகளே இல்லை. தொடக்கநூல், விடுதலைப்பயணக் காட்சிகள் தடையின்றி ஓடுகின்றன. பக்கக்கூடங்களை நடுக்கூடத்துக்கு ஏறக்குறைய இணையாக உயர்த்தியிருப்பதால், அவற்றின் சாளரங்களிலிருந்து வரும் ஒளி அந்த ஓவியங்களை எட்டுகிறது. கத்தலோனியாவின் தவுல் என்ற மலையூரில் 1123-இல் அர்ச்சிக்கப்பட்ட புனித கிளமெந்து ஆலயத்தின் கிழக்கு அரைவட்டத்தில், மாட்சியில் வீற்றிருக்கும் கிறிஸ்து கையில் ஏந்திய திறந்த நூலில் ‘நானே உலகின் ஒளி’ என்று இலத்தீனில் எழுதியிருந்தார்கள். அந்த ஓவியம் கடந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் சுவரிலிருந்து உரித்தெடுக்கப்பட்டு இப்போது பார்சலோனா அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

சிற்பத்துக்குப் பிரான்சின் ஓத்தன் பேராலயம் போதும். மேற்கு வாயிலின் மேலுள்ள இறுதித் தீர்ப்புக் காட்சியில், கிறிஸ்துவின் காலடியில் ‘இதைச் செய்தவன் கிஸ்லெபெர்த்துஸ்’ என்ற வரி இருக்கிறது. அது சிற்பியின் பெயரா, புரவலரின் பெயரா என்று அறிஞர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். 1766-இல் அந்தக் காட்சி பழம்பாணி என்று கருதிய ஆலயக் குருக்கள் அதன்மேல் பூச்சு பூசி மறைத்தார்கள். அந்தப் பூச்சே புரட்சிக் காலத்தின் சம்மட்டிகளிடமிருந்து அதைக் காத்தது. 1837-இல் பூச்சு நீக்கப்பட்டது.

நீங்கள் சொல்லும் கடுமையை விரும்பியே தேர்ந்தவர்களும் உண்டு. அவர்கள் எளிமையை வலியுறுத்திய சிஸ்டர்சியன் சபைத் துறவியர். மடங்களின் முற்றத் தூண்களில் செதுக்கியிருந்த விந்தை விலங்குகளையும் ஆடம்பரத்தையும் அச்சபையின் மடாதிபதி கிளேர்வோ பெர்நார்து 1125 அளவில் கடுமையாகக் கண்டித்தார். அவருடைய சபையினர் எழுப்பி 1147-இல் அர்ச்சிக்கப்பட்ட ஃபோந்தனே ஆலயத்தில் சிற்பமில்லை, ஓவியமில்லை, கோபுரமில்லை. நடுக்கூடத்தின் மேல்சுவரில் சாளரமும் இல்லை. முகப்பிலும் பலிபீடத்தின் மேலுமுள்ள சாளரங்களிலிருந்து வரும் ஒளி கூடத்தின் இரு முனைகளிலிருந்தும் நடுவை நோக்கி மங்கிச் செல்கிறது. வெற்றுக்கல்லை ஓர் எண்ணமாகவே பார்க்க விரும்பினால் ஃபோந்தனேயில் பாருங்கள். அதே அளவுகோலைக் குளூனிக்கும் தவுலுக்கும் வைக்க வேண்டாம் என்பதே என் வேண்டுகோள்.