நீர்மூழ்கி வண்டின் புழுவுக்கு என்ன மண்?

ஏற்காடு, சேலம் பக்கம் நீர்ப்பூச்சி வளர்ப்பவர்கள் கொஞ்சம் உதவுங்கள். புழு கடைசிப் பருவத்தில் இருக்கிறது. தனி டப்பாதான், சேர்த்து விட்டால் ஒன்றையொன்று தின்றுவிடும். தலைப்பிரட்டையைக் கவ்வியதும் அரிவாள் தாடையின் துளை வழியே செரிமான நீரை ஏற்றி, கரைந்ததை உறிஞ்சும். மிஞ்சுவது வெறும் தோல். வால் நுனியை நீர்மட்டத்துக்கு நீட்டித்தான் மூச்சு விடும், அதனால் எண்ணெய்ப் படலம் துளியும் ஆகாது.

இப்போது இரையைத் தொடுவதில்லை, கரை தேடி அலைகிறது. ஈரமண்ணைக் குடைந்து அதற்குள்தான் கூட்டுப்புழுவாகும். மண் காய்ந்தால் அறை இடிந்துவிடும், சொதசொதவென்று இருந்தால் பூஞ்சை பிடிக்கும். காபித் தோட்டத்து மண் வேண்டாம், மருந்து அடித்திருப்பார்கள். ஓடைக்கரைச் செம்மண்ணை அப்படியே போடலாமா, மணல் கலக்க வேண்டுமா? எத்தனை விரல் ஆழம்? இன்று இரவுக்குள் சொன்னால் பெரிய உதவி.