ஆன்டிவைரஸ்ல வர்ற வால்ட்டை நம்பி கிளையன்ட் ஃபைலைப் போடலாமா?

கணக்குப்பிள்ளை:
வணக்கம். மதுரையில சின்னதா டாக்ஸ் ஃபைலிங் ஆபீஸ் வச்சிருக்கேன், ஒரே லேப்டாப்தான், விண்டோஸ் 11 ஹோம், எஸ்எஸ்டி. கிளையன்ட்ஸோட பான், ஆதார் ஸ்கேன், பேங்க் ஸ்டேட்மென்ட் எல்லாம் அதுலதான் கிடக்கு. காசு கட்டி ஒரு ஆன்டிவைரஸ் வாங்கினேன், "மிலிட்டரி கிரேட் 256 பிட் என்கிரிப்ஷன், டேட்டா வால்ட், ஃபைல் ஷ்ரெட்டர்"னு பெட்டி மேல போட்டிருக்கு. என்கிரிப்ஷன்னா சாவி இல்லாம படிக்க முடியாதபடி ஃபைலை மாத்துறது, வால்ட்னா அப்படிப் பூட்டி வைக்கிற இடம், ஷ்ரெட்டர்னா திரும்ப எடுக்க முடியாதபடி அழிக்கிறதுன்னு சொல்றாங்க. லைசென்ஸ் முடிஞ்சா வால்ட்டுக்குள்ள இருக்கிறது என்ன ஆகும்னு கஸ்டமர் கேர்ல கேட்டா, ரின்யூ பண்ணிக்கோங்க சார்ங்கிறதத் தவிர வேற பதில் இல்ல. லேப்டாப் தொலைஞ்சா கிளையன்ட்ஸ் விவரம் வெளிய போயிடக்கூடாது, அதான் என் பயமே. இத நம்பலாமா?

வைகைக்கரை:
சார், 256 பிட்ட வச்சு எதையும் முடிவு பண்ணாதீங்க. அந்தப் பூட்டு முறையான ஏஇஎஸ் 2001லயே ஸ்டாண்டர்டா அறிவிச்சது, ஃபைலைச் சுருக்குறதுக்கு இலவசமா கிடைக்கிற 7-ஜிப் சாஃப்ட்வேர்லயும் அதே 256தான். சாவி யார் கையில இருக்குங்கிறதுதான் கேள்வி. வேண்டாத ஒரு ஃபைலை வால்ட்ல போட்டுப் பூட்டிட்டு "ஃபர்காட் பாஸ்வேர்டு" அமுக்குங்க. மெயிலுக்கு ஓடிபி வந்து, புது பாஸ்வேர்டு வச்சதும் அந்த ஃபைல் அப்படியே திறந்துச்சுன்னா உங்க பாஸ்வேர்டு இல்லாமலே திறக்க ஆன்டிவைரஸ் கம்பெனிக்கு வழி இருக்குன்னு அர்த்தம். அப்புறம் ஒரிஜினல் காப்பி டவுன்லோட்ஸ்லயோ ரீசைக்கிள் பின்லயோ கிடக்கான்னு தேடிப் பாருங்க, முக்கால்வாசி பேர் கோட்டை விடுறது அங்கதான்.

ஷ்ரெட்டர் பழைய ஹார்ட்டிஸ்க்குக்கு சரி. எஸ்எஸ்டில அழிச்சு எழுதச் சொன்னாலும் அதுக்குள்ள இருக்கிற கன்ட்ரோலர் சிப் வேற இடத்துல எழுதிடும், பழசு அங்கயே தங்கிடலாம்.

ஸ்க்ரூடிரைவர்:
தொலைஞ்சு போறதுதான் பயம்னா மொதல்ல டிஸ்க் முழுசையும் என்கிரிப்ட் பண்ணுங்கண்ணே, வால்ட்லாம் அப்புறம். ஹோம் எடிஷன்லயும் செட்டிங்ஸ் > பிரைவசி அண்ட் செக்யூரிட்டி > டிவைஸ் என்கிரிப்ஷன்னு இருக்கும், மெஷின் சப்போர்ட் பண்ணணும். சில லேப்டாப்ல ஏற்கெனவே ஆன்லயே இருக்கும். 48 இலக்க ரெக்கவரி கீய பிரிண்ட் எடுத்து பீரோவுல வைங்க, லேப்டாப் பேக்ல வைக்காதீங்க. பயாஸ் (லேப்டாப்ப ஸ்டார்ட் பண்ற அடிப்படை சாஃப்ட்வேர்) அப்டேட்டுக்கு அப்புறம் திடீர்னு அதக் கேட்டுச்சுன்னா கீ இல்லாம ஒண்ணும் பண்ண முடியாது.

கணக்குப்பிள்ளை:
ஓடிபி டெஸ்ட் பண்ணிட்டேன், ஃபைல் திறந்துடுச்சு. டிவைஸ் என்கிரிப்ஷன் ஆஃப்ல இருந்துச்சு, இப்ப ஆன் பண்ணியாச்சு. ஆனா ரெக்கவரி கீ மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்ல போய் உக்காந்துக்குதே, வைகை சொன்ன கணக்குப்படி இதுவும் அதே கதைதானே?

வைகைக்கரை:
சரியான கேள்வி சார். ஆமா, அந்தக் கீ அவங்க சர்வர்லயும் இருக்கு. லேப்டாப்பத் தூக்கிட்டுப் போறவனுக்கு அது எட்டாது, அந்த பயத்துக்கு இது போதும், ஆனா அந்த அக்கவுண்ட்டுக்கு டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன் கட்டாயம் போடுங்க. கிளையன்ட் ஃபோல்டர மட்டும் வெராகிரிப்ட்ங்கிற இலவச சாஃப்ட்வேர்ல கன்டெய்னர், அதாவது பாஸ்வேர்டு போட்டுப் பூட்டின ஒரே பெரிய ஃபைல், உருவாக்கி அதுக்குள்ள வைங்க. இதே வேலையச் செஞ்ச ட்ரூகிரிப்ட் 2014ல நின்னு போச்சு, அதோட கோட்ல இருந்து வளர்ந்ததுதான் இது. சோர்ஸ் கோட் வெளிய இருக்கு, 2016ல குவார்க்ஸ்லேப்ங்கிற செக்யூரிட்டி கம்பெனி ஆடிட் பண்ணி, கண்டுபிடிச்ச ஓட்டைகளையும் பகிரங்கமா சொன்னாங்க. லைசென்ஸ் முடியுற பேச்சே இல்ல. ஆனா பாஸ்வேர்டு மறந்தா யாராலயும் திறக்க முடியாது.

ஆன்டிவைரஸ் கம்பெனின்னாலே நம்ம டேட்டாவக் காப்பாத்தும்னு நெனச்சுக்க வேண்டாம். பயனாளிங்களோட பிரௌசிங் விவரத்த வித்ததுக்காக அவாஸ்ட்ங்கிற ஆன்டிவைரஸ் கம்பெனி மேல அமெரிக்க வர்த்தக ஆணையமான எஃப்டிசி நடவடிக்கை எடுத்து 2024ல 1.65 கோடி டாலர் கட்டச் சொல்லுச்சு. பிரைவசி பாலிசிய ஒரு தடவ உக்காந்து படிங்க.

ஸ்க்ரூடிரைவர்:
ஒண்ணு விட்டுப்போச்சு. ரான்சம்வேர் (ஃபைலையெல்லாம் பூட்டிட்டுப் பணம் கேக்குற வைரஸ்) வந்தா இதெல்லாம் தடுக்காது, நீங்க பூட்டின கன்டெய்னர் ஃபைலையே அத அனுப்பினவன் இன்னொரு தடவ என்கிரிப்ட் பண்ணிட்டுப் போயிடுவான். எக்ஸ்டர்னல் டிஸ்க்ல ஒரு காப்பி எடுத்து, எடுத்ததும் கழட்டி வச்சிடுங்க, அந்த டிஸ்க்கும் என்கிரிப்ட் ஆகியிருக்கணும்.

கணக்குப்பிள்ளை:
ரொம்ப நன்றி ரெண்டு பேருக்கும். இன்னும் ஒண்ணு, கிளையன்ட்டுக்கு மெயில்ல அனுப்புறப்ப சாதா ஜிப்ல பாஸ்வேர்டு போட்டா போதுமா?

வைகைக்கரை:
சாதா ஜிப் பாஸ்வேர்டுல வர்ற பழைய ஜிப்கிரிப்டோ முறை வேண்டாம், அத உடைக்க ரொம்ப நாளாவே வழி இருக்கு. 7-ஜிப்ல 7இசட் ஃபார்மேட் எடுத்து "என்கிரிப்ட் ஃபைல் நேம்ஸ்" டிக் பண்ணுங்க, இல்லாட்டி பேர்லயே பான் நம்பர் தெரிஞ்சிடும். பாஸ்வேர்ட அதே மெயில்ல அனுப்பாம போன்ல சொல்லுங்க.