பவர் கட்டுக்குப் பிறகு அலாரம் பேனலில் 'பேட்டரி லோ' போகவே மாட்டேன் என்கிறது

மாடிப்படி:
வயர் இழுத்துப் போட்ட திருட்டு அலாரம். பேனல் பெட்டி மாடிப்படிக்குக் கீழே உள்ள அலமாரியில் இருக்கிறது. உள்ளே 12 வோல்ட், 7 ஏஹெச் (ஆம்பியர் ஹவர், பேட்டரியின் கொள்ளளவு) சீல்டு பேட்டரி, போட்டு நாலு வருஷம் ஆகிறது. செவ்வாய்க்கிழமை மின்வாரியப் பராமரிப்புக்காகக் காலை 9 மணியிலிருந்து மாலை 5 வரை கரண்ட் இல்லை. மதியம் 1 மணிக்கே கீபேடில் 'பேட்டரி லோ' வந்துவிட்டது. கரண்ட் வந்து இரண்டு நாள் ஆகியும் அது போகவில்லை, பீப் சத்தமும் நிற்கவில்லை. மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தால் பேட்டரியில் 13.6 வோல்ட் காட்டுகிறது. அப்படியென்றால் பேட்டரி நன்றாகத்தானே இருக்கிறது? போர்டையே மாற்ற வேண்டும் என்று டெக்னீஷியன் சொல்கிறார். மாற்றத்தான் வேண்டுமா?

சோல்டர் புகை:
அவசரப்பட்டு போர்டு வாங்கிவிடாதீர்கள் சார். நீங்கள் பார்த்த 13.6 சார்ஜர் கொடுக்கும் வோல்டேஜ். மெயின் (வீட்டு கரண்ட்) ஓடிக்கொண்டிருக்கும்போது செத்த பேட்டரியிலும் அதே எண்தான் வரும். பேனல் அதை நம்புவதில்லை. பெரும்பாலான பேனல்கள் அவ்வப்போது சார்ஜிங்கை நிறுத்தி, பேட்டரி மேல் கொஞ்சம் லோடு வைத்துப் பார்க்கும். அப்போது வோல்டேஜ் சுமார் 11.5-க்குக் கீழே இறங்கினால் எச்சரிக்கை அப்படியே நிற்கும்.

இரண்டு நாள் சார்ஜ் ஆகியிருப்பதால் இப்போதே டெஸ்ட் செய்யலாம். பேனல் சார்ஜர்கள் 400 மில்லி ஆம்பியர் அளவில்தான் கொடுக்கும். காலியான 7 ஏஹெச் பேட்டரி நிறைய ஒரு முழு நாள் ஆகும். அதற்கு முன் டெஸ்ட் செய்தால் நல்ல பேட்டரியும் ஃபெயில் ஆகும்.

பேனலை சர்வீஸ் மோடில் போடுங்கள். இல்லாவிட்டால் மூடியைத் திறந்ததும் டேம்பர் சுவிட்ச் சைரனை அலற வைக்கும். மெயினை அணைத்து, பேட்டரியைக் கழற்றி, இரண்டு மணி நேரம் சும்மா வைத்துவிட்டு அளந்து பாருங்கள். முழு சார்ஜில் உள்ள நல்ல பேட்டரி 12.8 அல்லது அதற்கு மேல் காட்டும். அடுத்ததுதான் முக்கியம்: கார் இண்டிகேட்டருக்குப் போடும் 12 வோல்ட், 21 வாட் பல்பை அதில் இணையுங்கள். கிட்டத்தட்ட 1.75 ஆம்பியர் இழுக்கும். ஐந்து நிமிடம் எரிந்த பிறகும் 12-க்கு மேல் நின்றால் பேட்டரி தேறும். ஒரு நிமிடத்துக்குள் 11.5-க்குக் கீழே போனால் தூக்கிவிடலாம். பல்ப் நன்றாகச் சுடும், பிளாஸ்டிக் மேல் வைக்காதீர்கள்.

ஃப்யூஸ் கட்டை:
பேட்டரியைக் கழற்றியிருக்கும்போதே இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். மெயினை மட்டும் ஆன் செய்து, பேட்டரிக்கு வரும் சிவப்பு, கறுப்பு வயர் முனைகளில் அளவிடுங்கள். 13.5 முதல் 13.8 வரை வந்தால் சார்ஜர் வேலை செய்கிறது. சில புது பேனல்கள் பேட்டரி இல்லாதபோது அந்த வயரில் வோல்டேஜே கொடுக்காது. அதனால் பூஜ்யம் வந்தால் உடனே போர்டைக் குறை சொல்லாமல் முதலில் பேட்டரி ஃப்யூஸைப் பாருங்கள். யாராவது சிவப்பு, கறுப்பு வயரை இடம் மாற்றிக் கொடுத்திருந்தால் அதுதான் முதலில் போகும்.

டெர்மினல் கிளிப்பையும் பாருங்கள். பேட்டரியில் 4.75 மி.மீ., 6.35 மி.மீ. என்று இரண்டு அகலத்தில் டேப் (கிளிப் மாட்டும் உலோக நாக்கு) வரும். சின்ன டேப்பில் பெரிய கிளிப்பைச் செருகியிருந்தால் ஆடிக்கொண்டே இருக்கும், பச்சை பூத்துவிடும். லோடு வந்ததும் வோல்டேஜ் அந்த இடத்திலேயே விழும்.

கீபேடில் ட்ரபிள் மெனுவுக்குள் போய் எந்த பேட்டரி என்றும் உறுதி செய்துகொள்ளுங்கள். வெளிச் சைரனுக்குள் தனி பேட்டரி இருக்கலாம். வயர்லெஸ் சென்சார் இருந்தால் அதில் சிஆர் 123 ஏ என்ற சின்ன பேட்டரி இருக்கும், ஸோன் எண்ணோடு (எந்த சென்சார் என்று) காட்டும்.

மாடிப்படி:
பார்த்துவிட்டேன். வயரில் 13.7 வருகிறது. ஃப்யூஸ், கிளிப் இரண்டும் சரி. மெனுவில் மெயின் பேட்டரி என்றுதான் இருக்கிறது. கழற்றி வைத்தபோது 12.4. பல்ப் போட்ட பத்தே விநாடியில் 9.8.

சோல்டர் புகை:
பேட்டரிதான். போர்டில் ஒன்றும் இல்லை. தகடுகளில் சல்ஃபேட் படிந்து உள் ரெசிஸ்டன்ஸ் (மின்தடை) ஏறிவிட்டது. அதனால்தான் சார்ஜில் வைத்ததும் சட்டென்று 13.6-க்கு ஏறுகிறது, லோடு கொடுத்ததும் சரிகிறது. மெயின் ஓடும்போதே ஒரு நாளைக்குப் பிறகும் 12.6-ஐத் தாண்டாமல் இருந்திருந்தால்தான் சார்ஜரையோ, ஷார்ட் ஆன செல்லையோ சந்தேகப்பட வேண்டும்.

அதே 12 வோல்ட், 7 ஏஹெச் வாங்குங்கள். கடையில் தயாரிப்புத் தேதியைக் கேளுங்கள். ஆறு மாதத்துக்கு மேல் சும்மா கிடந்தது வேண்டாம், அலமாரியிலேயே சல்ஃபேட் பிடித்திருக்கும். மீட்டரை எடுத்துப் போய் அளந்து, 12.6-க்குக் கீழே இருந்தால் வேறு கேளுங்கள். மாட்டும்போது சிவப்பு பிளஸ், கறுப்பு மைனஸ் என்பதை இரண்டு முறை பார்த்துவிட்டு, பேட்டரியை இணைத்த பிறகு மெயினைப் போடுங்கள். பேட்டரியில் மட்டும் பேனல் உயிர் பெறவில்லை என்றால் பயப்பட வேண்டாம், பல பேனல்கள் அப்படித்தான். மாட்டிய ஒரு நாளுக்குப் பிறகும் எச்சரிக்கை போகாமல் இருந்தால், டிஸ்ஆர்ம் கோடை (அலாரத்தை அணைக்கும் எண்ணை) இரண்டு முறை அடித்துப் பாருங்கள். சில பேனல்கள் பழைய எச்சரிக்கையை நினைவிலேயே வைத்திருக்கும்.

கிழக்கு ஜன்னல்:
கேள்வியிலேயே விடை இருந்தது. பேனல், கீபேட், ஐந்து மோஷன் சென்சார், சிம் மாட்யூல் எல்லாம் சேர்த்து 275 மில்லி ஆம்பியர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 7 ஏஹெச் பேட்டரி கணக்குப்படி 25 மணி நேரம், நடைமுறையில் 20 மணி நேரமாவது தாங்க வேண்டும். உங்களுடையது நாலு மணி நேரத்தில் கத்தியிருக்கிறது, அதாவது 1.1 ஏஹெச்.

இந்த வகை பேட்டரிகளுக்குச் சொல்லப்படும் 3 முதல் 5 வருஷ ஆயுள் 25 டிகிரிக்கு. அதற்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். காற்றில்லாத அலமாரியில், பக்கத்திலேயே இன்வெர்ட்டரும் இருந்தால், நம் ஊர் மே மாதத்தில் 40-ஐத் தொடும். நாலு வருஷம் வந்ததே நல்ல காலம். மூடிய கதவில் மேலும் கீழும் காற்றுத் துளை போடுங்கள். மூன்றாம் வருஷத்திலிருந்து வருஷத்துக்கொரு முறை இந்தப் பல்ப் டெஸ்ட் செய்யுங்கள்.

மாடிப்படி:
நன்றி. 7-க்குப் பதில் 12 ஏஹெச் போட்டால் இன்னும் அதிக நேரம் வருமே? இல்லை, வீட்டு இன்வெர்ட்டரின் டியூபுலர் பேட்டரியிலிருந்தே நேராக எடுக்கலாமா?

ஃப்யூஸ் கட்டை:
12 ஏஹெச் வேண்டாம். 7-இன் அகலம் 65 மி.மீ., 12-க்கு 98. அநேகமாகப் பெட்டி மூடாது. உங்கள் பேனல் மேனுவலில் அதிகபட்ச ஏஹெச் போட்டிருக்கும், அதைத் தாண்டாதீர்கள். இன்வெர்ட்டர் பேட்டரியிலிருந்து நேராக எடுப்பது அறவே கூடாது. சார்ஜ் ஆகும்போது அது 14 வோல்ட்டுக்கு மேல் போகும், பேனலுக்கு ஆகாது. அதற்குப் பதில் பேனலின் டிரான்ஸ்ஃபார்மருக்குப் போகும் 230 வோல்ட் லைனை இன்வெர்ட்டர் லைனுக்கு மாற்றச் சொல்லுங்கள். எலக்ட்ரீஷியனுக்கு அரை மணி நேர வேலை. ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டராக இருந்தால் டிரான்ஸ்ஃபார்மர் இரைகிறதா, சூடாகிறதா என்று முதல் நாள் தொட்டுப் பாருங்கள், சைன் வேவில் அந்தத் தொல்லை இல்லை.

பழைய பேட்டரியைக் குப்பையில் போடாதீர்கள், உள்ளே ஈயமும் அமிலமும் இருக்கிறது. புதிது வாங்கும் கடையிலேயே எடுத்துக்கொண்டு விலையில் கொஞ்சம் கழிப்பார்கள்.